தப்பான சக்கரம்

கடத்தப்பட்டது ஒரு பொம்மை மான் என்று தெரிந்ததும் சிக்ஸ்டன் திரும்பவும் போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டான்.

“இறங்குடா,” என்றாள் ராக்னி.

“அண்ணி, ஆள் கடத்தல்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க? உள்ளாடையே மூணு அடுக்கு போட்டுட்டு வந்திருக்கேன்.”

“கடத்தல்னுதான் சொன்னேன். ஆள்னு எப்ப சொன்னேன்?”

ராக்னி ஹெட்மன் வடக்கு ஸ்வீடனின் லூலியோ நகரப் போலீசில் நெடுநாள் இருந்துவிட்டு, மேலதிகாரியின் முகத்துக்கு நேராக ஓர் உண்மையைச் சொன்னதால் வெளியே வந்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். கீழ்த்தளத்தில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை, மேலே இவள். சிக்ஸ்டன் அவள் கணவனின் தம்பி. அந்தக் கணவன் ஒரு பல் டாக்டரம்மாவோடு கானரித் தீவுக்குப் போய்விட்டான். விவாகரத்தில் வீடு அவனுக்குப் போயிற்று. பழைய வேனும் தம்பியும் இவள் பங்குக்கு வந்தார்கள். இரண்டில் எது அதிகம் சத்தம் போடுகிறது என்று அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை.

எதிரே ஸ்டென்வாட்னெட் ஏரி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. குளிர்காலம் வந்தால் தெற்கிலிருந்து கார்க் கம்பெனிகள் இங்கே வந்து குவிந்துவிடும். பனியை ஒதுக்கி, ஏரி மேலேயே வளைவும் நெளிவுமாகச் சாலை போட்டு, வழுக்கும் இடத்தில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் படுக்கையறையை அவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுச் சமையலறையில் தூங்குவார்கள்.

சோதனை நிலையத்தின் தலைவர் லூட்கே வேகமாக வந்தார். ஜெர்மன்காரர். தொப்பியின் ரோமத்துக்கு நடுவே மூக்கு மட்டும் தெரிந்தது.

“பொம்மைன்னு சொல்லாதீங்க மேடம். அது சோதனைக் கருவி. மூஸ் மான். ரப்பர் தகடுகளைக் கோத்துச் செஞ்சது. நிஜ மூஸ் என்ன எடையோ அதே எடை. கொம்பு மட்டும் அசல்.”

“அவ்வளவு எடையை எப்படித் தூக்கிட்டுப் போனான்?” என்று கேட்டாள் ராக்னி.

“கீழே சறுக்குக் கட்டை இருக்கு. கயிறு கட்டி இழுக்கலாம். நாளைக்கு வெளியூர்லேருந்து வாங்குறவங்க வர்றாங்க. எழுபது கிலோமீட்டர் வேகத்துல போற வண்டிக்கு முன்னாடி மூஸ் நிக்கணும். டிரைவர் சட்டுனு திருப்பணும். எங்க புதுக் கட்டுப்பாடு வண்டியைப் புரளாம, சுத்தாம பிடிச்சு நிறுத்தணும். இதுதான் காட்சி.”

“மூஸ் இல்லாம காட்டினா?” என்றான் சிக்ஸ்டன்.

“அப்ப அதுக்குப் பேர் வளைவு.”

லூட்கே குரலைத் தாழ்த்தாமலே அடுத்ததைச் சொன்னார். திருடி யாரென்று அவருக்குத் தெரியும். அதோ, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறாளே, சோதனை ஓட்டுநர் மாய்கென், அவள்தான். திங்கட்கிழமை ஒத்திகையில் மூஸை முட்டிவிட்டு, வண்டிதான் தன்னை இழுத்துக்கொண்டு போயிற்று என்று சாதித்தாள். வண்டியிலிருந்த பதிவுக் கருவி வேறு மாதிரி சொல்கிறது. வேலையிலிருந்து எடுத்தாயிற்று. மத்தியான பஸ்ஸில் அனுப்புவதாக இருந்தார்கள். அந்த ஆத்திரத்தில் மூஸை ஒளித்துவிட்டாள்.

மாய்கென் உதட்டுக்கடியில் வைத்திருந்த புகையிலைப் பொட்டலத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினாள். “எனக்குத் திருடணும்னா உங்க காபி மெஷினைத் திருடியிருப்பேன். இந்த ஏரியில என்னை மாதிரி ஓட்ட ஆள் கிடையாது. ரப்பர் மானை இழுத்துட்டுப் போயி நான் என்ன பண்ணப்போறேன்?”

“அடக்கம் ஜாஸ்தி,” என்றான் சிக்ஸ்டன்.

“அடக்கமா இருக்க எனக்குச் சம்பளம் தரல.”

ராக்னி அதற்குள் மூஸ் நின்ற இடத்திலிருந்து கிளம்பிய தடத்தோடு நடக்க ஆரம்பித்திருந்தாள். நான்கு சக்கரம், நடுவில் சறுக்குக் கட்டை இழுபட்ட இரண்டு கோடு. முதல் இடது வளைவில் தடம் சாலையை விட்டு விலகி, ஓரத்துப் பனிக்கரைக்குள் போயிருந்தது. கரையில் ஒரு காரின் முகம் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. அடுத்தது வலது வளைவு. அங்கேயும் ஒரு முகம். அதற்கடுத்த வளைவிலும்.

“திருடன் நல்லா குடிச்சிருக்கான்,” என்றான் சிக்ஸ்டன்.

“குடிச்சவன் கண்ட இடத்துல முட்டுவான். இவன் ஒழுங்கா முட்டியிருக்கான் பாரு. இடது வளைவுன்னா இடது கரை. வலது வளைவுன்னா வலது கரை. எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி அளவுக்கு மீறித் திரும்பியிருக்கு.”

அவள் முதல் இடது வளைவுக்குத் திரும்பி வந்து மண்டியிட்டு முகத்தைப் பனிக்கட்டிக்கு அருகில் கொண்டுபோனாள்.

“சிக்ஸ்டா, நீ பிரேக் போட்டா எத்தனை சக்கரம் நிக்கும்?”

“நம்ம வேன்லயா? அன்னிக்கு ராசி எப்படியோ அப்படி.”

“நல்ல வண்டியில.”

“நாலும்.”

“இங்க ஒரே ஒரு சக்கரம்தான் பிடிச்சிருக்கு. அதுவும் விட்டு விட்டு, தையல் போட்ட மாதிரி. மனுஷன் காலால இப்படி மிதிக்க முடியாது.”

மாய்கென் வாளியை விட்டு எழுந்து வந்தாள். “கம்ப்யூட்டர்தான் அப்படிப் பிடிக்கும். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, வண்டி எந்தப் பக்கம் சுத்துதுன்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, ஒரு சக்கரத்தைப் பிடிச்சு இழுக்கும், இன்னொண்ணுக்கு விசையைக் கூட்டும். வண்டி இடது பக்கம் ரொம்பச் சுத்துனா வலது முன் சக்கரத்தைப் பிடிக்கணும். மூக்கு நேராயிடும்.”

“இதுல எது பிடிச்சிருக்கு?”

மாய்கென் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்த திமிர் போய்விட்டிருந்தது.

“இடது பின் சக்கரம். சுத்துற வண்டியை இன்னும் சுத்திவிடும். திங்கட்கிழமை என்னைப் பண்ணினதும் இதேதான். இது அந்த வண்டி.”

“அந்த வண்டி காரேஜுல பூட்டியிருக்கு,” என்றார் லூட்கே. “சாவி எங்க என்ஜினியர் டாக்டர் ஓட்மார்கிட்ட இருக்கு. அந்தக் கட்டுப்பாட்டு புரோகிராமை எழுதினவரே அவர்தான். பாவம், காய்ச்சல்னு விடுதியில படுத்திருக்கார்.”

சிக்ஸ்டன் காரேஜ் வரை போய்ச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

“பூட்டு அருமையா இருக்கு சார். உள்ள ஒரு துடைப்பமும் பத்திரமா இருக்கு.”

லூட்கேயின் மூக்கு வெளுத்தது. ஓட்மார் போட்டிக் கம்பெனிக்கு விலைபோய்விட்டார் என்று அந்த நிமிடமே முடிவுகட்டினார். ராக்னி கையுறையில் ஒட்டிய பனியைத் தட்டினாள்.

“ரகசியத்தை விக்கிறவன் வண்டியை எடுத்துட்டுப் போவான். மூஸை எதுக்கு இழுத்துட்டுப் போறான்? மாய்கென், நீ எங்களோட வா. சார், நீங்க விடுதியில போய்க் காய்ச்சலைப் பார்த்துட்டு வாங்க.”

*

தடத்தைப் பிடித்துக்கொண்டு போவது கஷ்டமாக இல்லை. வளைவுக்கு வளைவு பனிக்கரையில் காரின் முகம் இருந்தது. இவ்வளவு முகம் பதித்துவிட்டுப் போன திருடனை வடக்கு ஸ்வீடன் பார்த்ததில்லை என்றான் சிக்ஸ்டன். ஆனால் ஏரியைக் குறுக்கே கடக்கும் ஊர்ச் சாலை வந்ததும் தடம் நின்றுவிட்டது. காலையில்தான் அந்தச் சாலையில் பனியைச் சுரண்டிவிட்டிருந்தார்கள்.

சாலை ஓரத்தில் பனிக்கட்டியில் துளை போட்டு, கலைமான் தோலை விரித்து உட்கார்ந்து, தெக்லா மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊர் ரொட்டிக் கடைக்காரி. சர்ச் குழுவில் இருப்பவள். நேற்று இருட்டுவதற்கு முன்னாலும் இங்கேதான் இருந்தாளாம்.

“அக்கா, இந்தப் பக்கம் விசித்திரமா ஏதாவது போச்சா?” என்று கேட்டான் சிக்ஸ்டன்.

“ஒண்ணும் போகல,” என்றாள் தெக்லா. கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

ராக்னி தோலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தெக்லா தூண்டிலை இரண்டு முறை ஆட்டினாள்.

“ராக்னி, நீ போலீசுல இருந்தவ. ஒண்ணு கேக்கறேன், வெளியில சொல்லாத. மூஸ் மான் பின்பக்கமா நடக்குமா?”

“எவ்வளவு தூரம்?”

“ஏரி முழுக்க. ஒரு காருக்குப் பின்னாடி, முகத்தை என் பக்கம் திருப்பிக்கிட்டு, காலை அசைக்காம போச்சு. திடீர்னு கார் ஒரு சுத்து சுத்திச்சு. அப்புறம் மூஸ் முன்னாடி போச்சு, கார் பின்னாடி போச்சு. நான் நேத்திலேருந்து ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்கல. எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் இல்லாததெல்லாம் கண்ணுல தெரிய ஆரம்பிச்சுது.”

“கொம்பு இருந்துதா?”

“என் ரெண்டு கையையும் விரிச்சாலும் போதாது. அவ்வளவு பெரிசு.”

“இது என்ன மாசம் தெக்லா?”

“பிப்ரவரி.”

“பிப்ரவரியில எந்த மூஸ் அவ்வளவு பெரிய கொம்போட அலையுது?”

தெக்லா தூண்டிலைக் கீழே வைத்தாள். பெரிய ஆண் மூஸ்கள் எல்லாம் புத்தாண்டுக்கு முன்னும் பின்னுமாகக் கொம்பை உதிர்த்துவிடும் என்பது இந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

“அப்ப அது மூஸே இல்லையா?”

“ரப்பர்.”

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்ல.”

தெக்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடித்து வைத்திருந்ததில் பெரிய மீனை எடுத்துச் சிக்ஸ்டனின் மடியில் போட்டாள். பிர்ச் மரத் தீவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன விரிகுடாவைக் கையால் காட்டினாள்.

*

விரிகுடாவில் ஒரு மீன்பிடிக் குடிசையும், முன்பக்கம் முழுக்க நசுங்கிய காரும், சிதறிக் கிடந்த மூஸும் இருந்தன. தலை ஓரிடம், கொம்பு ஓரிடம். குடிசை வாசலில் ஒல்லியான ஒரு மனிதர் தூண்டில் நரம்பை ஊசியில் கோத்து, மடியில் ஒரு காலை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒரு கால்தான் பாக்கி,” என்றார் ஓட்மார், நிமிராமலே.

“மூஸுக்கா, உங்களுக்கா?” என்றான் சிக்ஸ்டன்.

ஓட்மார் நிமிர்ந்தார். மாய்கெனைப் பார்த்ததும் ஊசி நின்றது.

“நான் திருடலைங்க. நேத்து சாயங்காலமே இங்க ஓட்டிப் பார்த்து, வண்டி மூஸை முட்டாம விலகிப் போறதைப் படம் பிடிச்சுட்டு, ராத்திரிக்குள்ள திரும்பக் கொண்டுபோய் வச்சிடலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். பதிவுக் கருவியில மாய்கென் இடது பக்கம் திருப்பினப்ப வண்டி வலது பக்கம் சுத்தினதா இருக்கு. அப்ப தப்பு அவங்க மேலதானே? அதை நிரூபிக்கணும்னு வந்தேன்.”

“அப்புறம்?” என்றாள் ராக்னி.

“முட்டிச்சு. என் கைதான் சரியில்லைன்னு நினைச்சேன். மறுபடி ஓட்டினேன்.”

“மறுபடி?”

“முட்டிச்சு.” அவர் சுற்றிலும் கிடந்த ரப்பரைப் பார்த்தார். “ரொம்ப நேரம் ஓட்டினேன்.”

“சுவிட்சை அணைச்சிருந்தா புதுக் கட்டுப்பாடு தூங்கிடும்,” என்றாள் மாய்கென். “வர்ற வழியிலயாவது அணைச்சுட்டு வந்திருக்கலாமே. ஏரி முழுக்க உங்க மூஞ்சிதான் பதிஞ்சிருக்கு.”

ஓட்மார் காலைக் கீழே வைத்தார். “நான் எழுதினதை நானே அணைக்கிறதா?”

“எழுதினது தப்பு டாக்டர். அதை ஒத்துக்கங்க.”

“ஒரு வரி தப்பு இல்ல. ராத்திரி முழுக்கப் படிச்சுப் பார்த்தேன்.”

ராக்னி இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். “திங்கட்கிழமைக்கு முன்னாடி எப்படி இருந்தது?”

“சனிக்கிழமை வரைக்கும் அருமையா விலகிச்சு,” என்றார்கள் இருவரும்.

“ஞாயிறு?”

“லீவு.”

“வண்டி எந்தப் பக்கம் சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்கு யார் சொல்றா?”

“ஒரு சின்ன சென்சார். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்கு.”

“திறங்க, பார்க்கலாம்.”

ஓட்மார் மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே இருந்தார். மேலே இருக்க வேண்டிய அம்புக்குறியைக் காணோம். வயர் சொருகும் புடைப்பு அடியில் இருந்தது. மேலே வழுவழுவென்று தட்டையான தகடு. அதில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை.

“தலைகீழா இருக்கு,” என்றார் மெல்ல. “இது தலைகீழா இருந்தா வலது இடதாயிடும், இடது வலதாயிடும். வண்டி இடது பக்கம் சுத்தும்போது வலது பக்கம் சுத்துதுன்னு சொல்லியிருக்கு. புரோகிராமும் அதை நம்பி, எதிர்ச் சக்கரத்தைப் பிடிச்சிருக்கு. அப்ப நான் எழுதினது சரி.”

“அப்ப நான் ஓட்டினதும் சரி,” என்றாள் மாய்கென்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை போட ஒன்றுமில்லாமல் போனது இருவருக்குமே ஏமாற்றமாக இருந்தது.

ராக்னி கறையை முகர்ந்து பார்த்தாள். “காபி.”

“நான் காபி குடிக்கிறதில்ல,” என்றாள் மாய்கென், புகையிலை இருந்த உதட்டைத் தொட்டுக் காட்டி.

“என் வண்டிக்குள்ள நான் தண்ணியே விடமாட்டேன்,” என்றார் ஓட்மார்.

பனி ஸ்கூட்டர் ஒன்று சத்தத்தோடு வந்து நின்றது. லூட்கே இறங்கினார். விடுதிக் கட்டிலில் தலையணைகளுக்குப் போர்வை போர்த்தி வைத்திருந்ததாம். மூஸின் தலையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், ஓட்மாரைத் திட்ட வாயைத் திறந்தார். ராக்னி அதற்கு முன்னால் சாவகாசமாகக் கேட்டாள்.

“சார், ஞாயித்துக்கிழமை ஊருக்குள்ள இந்த வண்டியிலதானே போனீங்க?”

“ஆமா. என் வண்டி குளிர்ல கிளம்பல, மாத்துச் சாவியில இதை எடுத்தேன். மேயர் வீட்டு விருந்து. உங்க புதுக் கட்டுப்பாட்டு சுவிட்சைக்கூட நான் தொடல. அதுல என்ன?”

“கையில காபி இருந்திருக்கும். இந்த வண்டியில கோப்பை வைக்க இடமே இல்லையே. எப்படி ஓட்டினீங்க?”

“அதைத்தானே நானும் தலைப்பாடா அடிச்சுக்கறேன்,” என்று லூட்கே உற்சாகமானார். “இவ்வளவு பெரிய என்ஜினியருங்க, ஒருத்தருக்குக் கோப்பையைப் பத்தி யோசனை கிடையாது. நடுவுல மூடியைத் திறந்தா ஒரு பெட்டி. மேல புடைப்பு. கோப்பை வச்சா சாயுது. கடைசியில நானே ஒரு வழி பண்ணேன். நாலே திருகு. கழட்டித் திருப்பிப் போட்டா, அடிப்பக்கம் தட்டையா, ஒரு சொட்டு சிந்தாம...”

அவர் நிறுத்தினார். தூரத்தில் பனிக்கட்டி ஒருமுறை முனகியது.

“கோப்பை ஆடல சார்,” என்றாள் ராக்னி. “வண்டிதான் ஆடிடுச்சு.”

லூட்கே தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் தேறிக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. “சரி. பெட்டியை நிமிர்த்திடலாம். வேற மூஸ் ஒண்ணு ஏற்பாடு பண்ணி, நாளைக்குக் காட்சியை நடத்திடலாம். இது நமக்குள்ளயே இருக்கட்டும்.”

“நடத்தக் கூடாது,” என்றார் ஓட்மார். “வித்த வண்டியை ஏதோ ஒரு பட்டறையில பிரிச்சு, இதே மாதிரி தலைகீழா மாட்டினா என்ன ஆகும்? பின் சீட்டுல குழந்தைங்க இருக்கும். ஓட்டுறவங்க தப்பு பண்ணலாம்னு நான் எழுதியிருக்கேன். பெட்டி தப்பாச் சொல்லலாம்னு ஒரு வரிகூட எழுதல. அதை எழுதி முடிக்க இந்தக் குளிர்காலம் பூரா வேணும்.”

“இதெல்லாம் நீங்களா கட்டுற கதை. பெட்டியாலதான் முட்டிச்சுன்னு என்ன ஆதாரம்? நிமிர்த்தி ஓட்டிக் காட்டினாத்தானே தெரியும்? ஓட்டிக் காட்ட மூஸ் எங்க இருக்கு? அதுக்குத் தலையே இல்ல. ஆதாரம் இல்லாதவரைக்கும் மாய்கென் மத்தியானம் பஸ் ஏறணும்.”

ஓட்மார் காருக்குள் குனிந்து பெட்டியைக் கழற்றி, அம்புக்குறி மேலே வர மாட்டினார். வெளியே வந்து மூஸின் கொம்பை எடுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பனிக்கட்டியின் நடுவே போய் நின்றார்.

“மனுஷங்க நிக்கக் கூடாது. கம்பெனி விதி இருக்கு,” என்றார் லூட்கே.

“டாக்டர், நகருங்க,” என்றாள் மாய்கென். “ஒரு கம்பை நட்டு வச்சு ஓட்டிக்கறேன்.”

“கம்பை முட்டினா, மறுபடி உங்களைத்தான் குத்தம் சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன். திங்கட்கிழமை நீங்க சொன்னதை விட்டுட்டுப் பெட்டி சொன்னதை நம்பினவன் நான். ஓட்டுங்க.”

மாய்கென் புகையிலைப் பொட்டலத்தைத் துப்பினாள். பிறகு, “பக்கத்து சீட்டுல எடை வேணும்,” என்றாள்.

எல்லோரும் சிக்ஸ்டனைப் பார்த்தார்கள்.

“அண்ணி, மீன் கெட்டுப்போயிடும்,” என்றான் அவன்.

“நான் வச்சுக்கறேன். ஏறு.”

வண்டி விரிகுடாவின் மறுகோடி வரை போய்த் திரும்பியது. சுவிட்சைப் போட்டாள். வேகமானி நாற்பது, ஐம்பது என்று ஏறியது. சிக்ஸ்டன் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தான், வார்த்தை வரவில்லை. அவனுக்கு நினைவு தெரிந்து அப்படி நடந்ததில்லை. கொம்பு வைத்த மனிதர் கண்ணாடிக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தார். அவர் கண்ணை மூடியிருந்தது கூடத் தெரிந்தது.

எழுபதில் மாய்கென் இடது பக்கம் வெட்டினாள். பின்பகுதி வழுக்கி ஓடக் கிளம்பியது. அந்த நொடியில் ஓட்டுநர் பக்கத்துக்கு எதிரே, சிக்ஸ்டனின் காலடியில், வலது முன் சக்கரம் ‘டட்டட்டட்’ என்று தானாகப் பிடித்துப் பிடித்து விட்டது. யாரோ வண்டியின் மூக்கைக் கையால் பிடித்துத் திருப்பி வைத்தது போல் இருந்தது. மாய்கென் வலது பக்கம் மடக்கினாள். இப்போது மறுபக்கச் சக்கரம் பிடித்தது. அவ்வளவுதான், வண்டி நேராக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஓட்மாரின் கோட்டு காற்றில் ஒருமுறை தூக்கி அடங்கியது.

லூட்கே மூச்சை விட்டார். “சரி, ஒத்துக்கறேன். பெட்டிதான். மாய்கென் வேலையில இருக்கட்டும். வண்டியும் சரியாயிடுச்சு, நாளைக்கு ஜோரா நடத்திடலாம்.”

“ஒரு தடவை சரியா வந்தா அது சோதனை ஆகாது,” என்றார் ஓட்மார், பல் தந்தியடிக்க. “வலது பக்கமும் விலகிப் பார்க்கணும்.”

மாய்கென் வண்டியை விட்டு இறங்கி வந்து, ஓட்மாரின் கையிலிருந்த கொம்பை வாங்கினாள். நேராக லூட்கேயிடம் போய் நீட்டினாள்.

“டாக்டர் நடுங்கிட்டார். இந்தத் தடவை நீங்க நில்லுங்க. நாளைக்கு வாங்குறவங்களை உட்கார வச்சு ஓட்டப்போற வண்டிதானே? இன்னிக்கு அதுக்கு முன்னாடி நிக்க என்ன பயம்?”

லூட்கே கொம்பைப் பார்த்தார். நசுங்கிய காரைப் பார்த்தார். ராக்னி கையில் மீனை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாகச் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

“நாளைக்கு வர்றவங்களை அடுத்த குளிர்காலம் வரச் சொல்லிடறேன்,” என்றார்.

ஓட்மார் கொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தார். மாய்கென் வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். சிக்ஸ்டன் சத்தமில்லாமல் தன் பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தான். அவள் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

“எடை மாறக் கூடாது,” என்றாள்.